நீதிபதியை ஏசுவதும் நீதிபதியிடம் கணக்குக் கேட்பதும்: வாசகர் கேள்வி – பதில்

நீதிபதிகளைப் பற்றி அரசியல்வாதிகள் பேசிவரும் பேச்சுகள் குறித்துச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நாட்டில் நடக்கும் உள்நாட்டுப் போர்களுக்கெல்லாம் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிதான் பொறுப்பு என்று ஆளும் கட்சி எம்.பி. ஒருவர் பேசினார். அவர் தண்டிக்கப்படவில்லை. சாதாரண மனிதன் பேசியிருந்தால் விட்டிருப்பார்களா? – கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: பா.ஜ.க. மக்களவை உறுப்பினர் நிஷிகாந்த் துபே ஏப்ரல் 2025-இல் பேசியதை நீங்கள் குறிப்பிடுகிறீர்கள். தமிழ்நாட்டு ஆளுநர் கிடப்பில் போட்ட மசோதாக்கள் பற்றிய தீர்ப்பு ஏப்ரல் 8 அன்று வெளியாகியிருந்த நேரம் அது. வக்ஃப் திருத்தச் சட்டத்துக்கு எதிரான வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்திருந்தது. எதிர்ப்பு எழுந்ததும், அது அவருடைய தனிப்பட்ட கருத்து என்று சொல்லிக் கட்சித் தலைமை விலகிக்கொண்டது. அவர்மீது நடவடிக்கை கோரி வந்த பொதுநல மனுவைத் தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னாவும் நீதிபதி சஞ்சய் குமாரும் மே மாதத்தில் தள்ளுபடி செய்தார்கள். அந்தப் பேச்சு மிகவும் பொறுப்பற்றது, கவனத்தைத் தன்பக்கம் ஈர்க்கும் நோக்கம் கொண்டது என்று கண்டித்த அவர்கள், இத்தகைய சொற்களால் வாடிப்போக நீதிமன்றங்கள் பூக்கள் அல்ல என்றும் உத்தரவில் எழுதினார்கள்.

1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அதிகபட்சமாக 6 மாத வெறுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. தனிமனிதர் ஒருவர் இத்தகைய வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் ஒன்றிய அரசின் உயர் சட்ட அதிகாரிகளான அட்டர்னி ஜெனரல் அல்லது சொலிசிட்டர் ஜெனரலின் ஒப்புதல் தேவை. நீதிமன்றம் நினைத்தால் தானாகவே எடுத்துக்கொள்ளலாம். அதாவது, யாரைத் தண்டிப்பது, யாரை விட்டுவிடுவது என்பது பெருமளவு நீதிபதிகளின் மனப்பாங்கைப் பொறுத்தே இருக்கிறது. உங்கள் கேள்வியில் உள்ள ஆதங்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. கேரள முதலமைச்சராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, நவம்பர் 1967-இல் செய்தியாளர்களிடம் பேசும்போது, நீதித்துறை ஒடுக்குமுறையின் கருவி என்றும், நன்றாக உடுத்திய பணக்காரனும் கந்தல் கட்டிய எழுத்தறிவற்ற ஏழையும் எதிரெதிரே நின்று சாட்சியம் இருபக்கமும் சமமாக இருந்தால் நீதிபதியின் மனம் இயல்பாகவே பணக்காரன் பக்கம் சாயும் என்றும் சொன்னார். கேரள உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அவருக்காக வி.கே. கிருஷ்ண மேனன் வாதாடினார். தலைமை நீதிபதி இதயத்துல்லா 1970-இல் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தை மட்டும் 50 ரூபாயாகக் குறைத்தார். இ.எம்.எஸ். பேசி 20 ஆண்டுகளுக்குப் பின், ஒன்றிய அமைச்சர் பி. சிவசங்கர் 1987-இல் ஐதராபாத்தில் வழக்கறிஞர்கள் கூட்டத்தில் பேசும்போது, அந்நியச் செலாவணி மோசடிக்காரர்களும் மணப்பெண்ணை எரிப்பவர்களும் உச்ச நீதிமன்றத்தில் புகலிடம் கண்டிருக்கிறார்கள் என்றார். அவரும் ஒருகாலத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1988-இல் உச்ச நீதிமன்றம் அதை அவமதிப்பாகக் கருதவில்லை.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால், முன்னவருக்கு அபராதமும் பின்னவருக்கு விடுதலையும் ஏன் என்பதற்கு மனம் ஏற்கும் விளக்கம் கிடைப்பதில்லை. என் கருத்தில் 1988-இன் பார்வையே சரியானது, இ.எம்.எஸ். தண்டிக்கப்பட்டிருக்கவே கூடாது. அவர் எந்த நீதிபதியின் பெயரையும் சொல்லவில்லை, எந்த வழக்கையும் குறிவைக்கவில்லை. ஒரு சமூகக் கோட்பாட்டின் அடிப்படையில் ஓர் அமைப்பையே கேள்விக்கு உட்படுத்தினார். துபேயின் பேச்சு அத்தகையதன்று. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தலைமை நீதிபதியைப் பெயர் சொல்லி, நாட்டின் கலவரங்களுக்குப் பொறுப்பாளி ஆக்கினார். அப்படியிருந்தும் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது நல்லது என்றே நினைக்கிறேன். அனுப்பியிருந்தால் பேச்சின் பொய் மறைந்து, பேசியவரின் தியாகம் மட்டுமே செய்தியாகியிருக்கும். கண்டிக்க வேண்டிய கடமை கட்சிக்கு இருந்தது. தனிப்பட்ட கருத்து என்ற இரண்டு சொற்களில் அந்தக் கடமை தீர்ந்துவிட்டதாக அதன் தலைமை எண்ணிக்கொண்டதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: அப்படியானால் தீர்ப்புகளை விமர்சிக்கவே கூடாதா? மாணவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. – நாமக்கல்லிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: தாராளமாக விமர்சிக்கலாம். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமான முறையில் விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-வது பிரிவே சொல்கிறது. பொதுநலன் கருதி நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட உண்மையை எதிர்வாதமாக முன்வைக்கவும் 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்திருக்கிறது.

உங்கள் மாணவர்களுக்கு நெருக்கடி நிலைக் காலத்து ஜபல்பூர் வழக்கைச் சொல்லுங்கள். காவலில் வைக்கப்பட்டவர்கள் தங்கள் விடுதலைக்காக நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று 1976-இல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பைச் சட்ட அறிஞர்களும் இதழாளர்களும் நாற்பது ஆண்டுகள் விடாமல் விமர்சித்தார்கள். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறிவித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 2017-இல் அதை வெளிப்படையாகவே தவறு என்று ஒதுக்கியது. 1976-இன் பெரும்பான்மையில் ஒருவர் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், 2017-இல் அதைத் தவறு என்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். எந்த வாதம் எங்கே பிழைத்தது என்று காட்டிய விமர்சனம் இந்த மாற்றத்துக்கு வழியமைத்தது. நீதிபதியின் சாதி எது, மதம் எது, அவருடைய பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று தொடங்கும் பேச்சினால் இப்படி ஒரு மாற்றம் வந்ததாக நான் அறிந்ததில்லை.

கேள்வி: குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஜகதீப் தன்கர், நீதிமன்றத்தின் அதிகாரம் ஒன்றை அணு ஏவுகணை என்றார். அது விமர்சனமா, வசைமொழியா? – திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அரசமைப்புச் சட்டத்தின் 142-வது பிரிவு, முழுமையான நீதி வழங்குவதற்குத் தேவையான எந்த உத்தரவையும் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் காலக்கெடு விதித்த தீர்ப்பை எதிர்த்து, 17 ஏப்ரல் 2025 அன்று தன்கர் அவ்வாறு பேசினார். அவர் எழுப்பிய கேள்வி அரசமைப்பு சார்ந்தது. அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் மாநிலங்களவையின் தலைவராகவும் இருந்தார். ஒரு நீதிபதியைப் பதவி நீக்க வேண்டும் என்று அந்த அவையின் உறுப்பினர்கள் மனுக் கொடுத்தால், அதை ஏற்பதா நிராகரிப்பதா என்று முடிவு செய்பவர் அவையின் தலைவரே. அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவர், நீதிமன்றத்தை ஜனநாயகத்துக்கு எதிரான ஆயுதம் ஏந்தியதுபோல் சித்திரிக்கும்போது, அவருடைய சொல் வெறும் சொல்லாக நின்றுவிடுவதில்லை.

அதே பிரச்சினை பின்னர் குடியரசுத் தலைவரின் கேள்விகளாக நீதிமன்றத்துக்கு வந்தது. ஐந்து நீதிபதிகள் அமர்வு இருதரப்பையும் பல நாட்கள் கேட்டு, நீதிமன்றம் அவ்வாறு காலக்கெடு விதிக்க முடியாது என்று நவம்பர் 2025-இல் கருத்துரைத்தது. மாநில உரிமையில் அக்கறை உள்ளவர்களுக்கு அது ஏமாற்றமே. எனினும் தன்கர் எழுப்பிய கேள்விக்கு விடை தேடச் சரியான வழி அதுதான். ஏவுகணை என்ற சொல் அதற்குத் தேவைப்படவில்லை.

கேள்வி: திருப்பரங்குன்றம் தீபத்தூண் வழக்கில் உத்தரவிட்ட நீதிபதியைப் பதவி நீக்கக் கோரி எம்.பி.க்கள் கையெழுத்திட்டார்கள். பிடிக்காத தீர்ப்புக்காக நீதிபதியை நீக்கலாமா? – மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தீர்ப்புக்காக மட்டும் என்றால், கூடாது. டிசம்பர் 2025-இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனுக்கு எதிராக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மக்களவைத் தலைவரிடம் கொடுத்த மனு, அவருடைய நடுநிலைமையையும் கேள்விக்கு உட்படுத்தியது. நடத்தை பற்றிய குற்றச்சாட்டு விசாரணைக்கு உரியது. தீர்ப்பு பற்றிய குறை மேல்முறையீட்டுக்கு உரியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது, முதலாவதன் வலுவைக் குறைத்துவிடுகிறது. இதை எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவாகவே சொல்கிறேன். ஓர் அமைப்பின் கூட்டத்தில் பெரும்பான்மையினரின் விருப்பப்படியே நாடு நடக்கும் என்று பேசிய அலகாபாத் நீதிபதி சேகர் குமார் யாதவ் மீது டிசம்பர் 2024-இல் மாநிலங்களவை உறுப்பினர்கள் 55 பேர் மனுக் கொடுத்தார்களே, அது முற்றிலும் நடத்தை சார்ந்தது. அதை உடனே விசாரித்திருக்க வேண்டும்.

நடைமுறை என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் நாட்டின் உண்மையான நோய் அங்கேதான் இருக்கிறது. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளை நிரூபிக்கப்பட்ட முறைகேடான நடத்தைக்காகவோ திறனின்மைக்காகவோ மட்டுமே நீக்க முடியும். 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட வேண்டும். அவைத் தலைவர் ஏற்றுக்கொண்டால் மூவர் குழு விசாரிக்கும். குற்றம் மெய்ப்பட்டால், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். இந்த வழியில் இதுவரை ஒரு நீதிபதிகூட நீக்கப்பட்டதில்லை.

வாக்கெடுப்பு வரை சென்ற முதல் முயற்சி நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. ராமசாமி, பஞ்சாப் – அரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர். சண்டிகரில் இருந்தபோது அரசு இல்லத்துக்காக மிதமிஞ்சிச் செலவு செய்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 1991-இல் மக்களவை உறுப்பினர்கள் 108 பேர் கையெழுத்திட்டார்கள். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான குழு விசாரித்து, 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பட்டதாக அறிக்கை தந்தது. மே 1993-இல் சோம்நாத் சாட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். கபில் சிபல் நீதிபதிக்காக அவைக்கு வந்து மணிக்கணக்கில் வாதாடினார். வாக்கெடுப்பில் தீர்மானத்தை ஆதரித்தோர் 196 பேர். எதிர்த்தோர் ஒருவருமில்லை. ஆளுங்கட்சியான காங்கிரஸும் அதன் தோழமைக் கட்சிகளும் சேர்ந்து 205 பேர் வாக்களிக்காமல் அமர்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது.

அந்த 205 பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நீதிபதி குற்றமற்றவர் என்று அவர்கள் நம்பியிருந்தால் எதிர்த்து வாக்களித்திருக்கலாம். குற்றவாளி என்று நம்பியிருந்தால் ஆதரித்திருக்கலாம். எதையும் செய்யாமல் விட்டதால், விசாரணைக் குழு சிரமப்பட்டு நிறுவிய உண்மைக்கு ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. நீதிபதிகள் யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று இன்று மேடைதோறும் முழங்குகிற கட்சிகள், பதில் கேட்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் தங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது என்பதை மக்களிடம் சொல்வதில்லை. வேறு எவரிடமும் இல்லாத அதிகாரம் அது.

கேள்வி: முல்லைத்தீவு நீதிபதி நாட்டைவிட்டே போனார். இலங்கையில் நிலைமை இன்னும் மோசம் இல்லையா? – யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: மோசம்தான். குருந்தூர்மலையில் பௌத்த விகாரை கட்டுவது பற்றிய வழக்கை விசாரித்துவந்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி தி. சரவணராஜாவை, 2023-இல் நாடாளுமன்ற உறுப்பினர் சரத் வீரசேகர அவையிலேயே கடுமையாகத் தாக்கிப் பேசினார். அவையில் பேசும் உறுப்பினருக்குச் சிறப்புரிமைக் கவசம் உண்டு. நீதிபதிக்கு அந்த அவையில் எழுந்து நின்று மறுமொழி சொல்ல இடமில்லை. உயிருக்கு அச்சுறுத்தலும் மன அழுத்தமும் இருப்பதாக எழுதிவிட்டு அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் பதவி விலகினார். தமிழ்ப் பகுதிகளில் வழக்கறிஞர்கள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள்.

உயர்ந்த பதவியில் இருப்போருக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கான திவிநெகும மசோதா தொடர்பான தீர்ப்புக்குப் பின், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது குற்றப்பிரேரணை (பதவி நீக்கத் தீர்மானம்) கொண்டுவரப்பட்டது. அதை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்த பிறகும், ஜனவரி 2013-இல் நாடாளுமன்றம் அவரை நீக்க வாக்களித்தது. ஆட்சி மாறியபின் ஜனவரி 2015-இல் அவர் மீண்டும் பதவியேற்று, மறுநாளே ஓய்வுபெற்றார்.

நீதிபதிகள் தம் கடமையைச் செய்யும்போது நடந்துகொண்ட விதம் பற்றி, பதவி நீக்கத் தீர்மானத்தின்போது தவிர, நாடாளுமன்றத்தில் விவாதிக்கக் கூடாது என்று இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 121-வது பிரிவு தடுக்கிறது. 211-வது பிரிவு சட்டமன்றங்களை முற்றாகவே தடுக்கிறது. ஆயினும் அவைக்கு வெளியே பேசப்படுவதை இந்தப் பிரிவுகள் தடுப்பதில்லை. இரு நாடுகளிலும் அதிகம் துன்பப்படுவோர் கீழமை நீதிபதிகளே. தலைமை நீதிபதியை ஏசினால் நாடு முழுவதும் செய்தியாகிறது; வழக்கு நடக்கும் ஊரிலேயே குடியிருந்து, பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கு அனுப்பும் ஒரு மாவட்ட நீதிபதிக்கு வரும் மிரட்டல் பெரும்பாலும் வெளியே தெரிவதேயில்லை. அவர் அஞ்சினால் இழப்பு அவருக்கு மட்டும் அல்ல. பலம் பொருந்திய எதிராளிக்கு எதிரே வேறு துணையின்றி நிற்கும் வழக்காளிக்கும்தான்.

கேள்வி: நீதிபதிகள் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொள்வது எப்படி நியாயமாகும்? – சென்னையிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி

பதில்: போதிய நியாயம் அதில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். 1999-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உள்விசாரணை முறையில் நீதிபதிகளே நீதிபதியை விசாரிக்கிறார்கள். அறிக்கையை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஊழல் வழக்கிலும் தடை உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி வழக்கில், நீதிபதிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே என்று 1991-இல் தீர்ப்பானது. அதே தீர்ப்பு, இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் வழக்குப் பதியக் கூடாது என்றும் சொன்னது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகாரைத் தான் விசாரிக்கலாம் என்று ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்பு ஜனவரி 2025-இல் சொன்னபோது, உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே அதை நிறுத்திவைத்தது.

பதவி விலகிவிட்டால் பதவி நீக்க நடவடிக்கை அத்தோடு நின்றுபோவது இன்னொரு பெருங்குறை. 2011-இல் கொல்கத்தா நீதிபதி சௌமித்ர சென், தமக்கு எதிரான தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியபின், மக்களவை வாக்கெடுப்புக்கு முன் விலகினார். அதே ஆண்டு சிக்கிம் தலைமை நீதிபதியாக இருந்த பி.டி. தினகரன் விசாரணை முடியுமுன் விலகினார். அவர் விஷயத்தில் உண்மை என்ன என்பது மக்களுக்குத் தெரியாமலே போயிற்று. நீதித்துறை நெறிமுறைகள் மற்றும் பொறுப்புடைமை மசோதா 2012-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல், 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அதன்பின் எந்த அரசும் அதை மீண்டும் கையில் எடுக்கவில்லை.

மார்ச் 2025-இல் டெல்லி நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் இல்லத்தில் தீப்பிடித்தபோது எரிந்த பணக்கட்டுகள் காணப்பட்டதாக எழுந்த விவகாரத்தில், உச்ச நீதிமன்றம் படங்களையும் காணொளியையும் தானே வெளியிட்டது. ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, மே மாதத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பலரின் சொத்து விவரங்கள் இணையதளத்தில் வந்தன. இவை நல்ல தொடக்கங்கள். விலகினாலும் விசாரணை தொடர வேண்டும், அறிக்கை வெளியாக வேண்டும், அவைத் தலைவர் மனுமீது முடிவெடுக்கக் காலவரையறை வேண்டும் என்ற மூன்றையும் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு கூட்டத்தொடர் போதும்.

கேள்வி: ஓய்வுபெற்றதும் நீதிபதிகளே அரசியலுக்குப் போனால், அரசியல்வாதியைக் குறைசொல்வதில் என்ன பயன்? – சேலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: சரியான கேள்வி. தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சில மாதங்களில், மார்ச் 2020-இல் ரஞ்சன் கோகோய் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கொல்கத்தா நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய மார்ச் 2024-இல் பதவி விலகிய சில நாட்களில் பா.ஜ.க.வில் சேர்ந்து, அதே ஆண்டு எம்.பி. ஆனார். சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் முன்பு எழுதிய ஒவ்வொரு தீர்ப்பையும் இன்று சந்தேகத்தோடு படிப்பவர்களைக் குறைசொல்ல முடியாது. குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கேள்வி: எங்கள் ஊர் நீதிபதி ஒருவர்மீது உண்மையான புகார் இருந்தால் எங்கே அனுப்புவது? பயமாக இருக்கிறது. – விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: மாவட்ட, கீழமை நீதிபதிகள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். எனவே புகாரைச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கோ, அதன் பதிவாளருக்கோ அனுப்ப வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதி மீதான புகாரை அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கோ இந்தியத் தலைமை நீதிபதிக்கோ அனுப்பலாம். பெயரில்லாக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாள், வழக்கு எண், நடந்தது என்ன, ஆதாரம் எது என்பவற்றை வரிசையாக எழுதி, அஃபிடவிட் (சத்தியப்பிரமாண வாக்குமூலம்) இணைத்து, விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பு தவறு என்பது மட்டுமே உங்கள் குறையானால் புகார் எழுத வேண்டாம். மேல்முறையீட்டுக்கான காலக்கெடு முடிவதற்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவருக்குக் கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச சட்ட உதவி கிடைக்கும்.